ஓராண்டுப் படிப்புக்கு ஒரு சாட்சி

ஜூன் மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்துப் பள்ளிக்கூடங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடை விடுமுறைக்குக் கதவடைக்க, பள்ளிக்கே போகாமல் வீட்டிலேயே பெற்றோரிடம் பாடம் கேட்கும் பிள்ளைகளின் இல்லங்களில் மட்டும் அந்த மாதம் ஒரு தனிப் பரபரப்போடு கழிகிறது. ஜூன் 30-ஆம் தேதிக்குள், கற்பிக்கும் பெற்றோரோ அவருடைய துணைவரோ அல்லாத தகுதி வாய்ந்த ஒருவர், அந்தப் பிள்ளையின் ஓராண்டு ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, பிள்ளையோடும் நேரில் உரையாடி, முறையான கல்வி நடந்தேறியிருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்ட சான்றிதழ், அந்த வட்டாரக் கல்வி அதிகாரியான சூப்பரின்டெண்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக் கல்வியைப் பற்றி நம்மிடையே எழும் விவாதங்களில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பது சரியா தவறா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறோமே தவிர, அனுப்பாத ஓர் ஆண்டு முடிந்தபின் அந்த ஆண்டை எவ்விதம் நிறுத்துப் பார்ப்பது என்ற கேள்வியை எடுப்பதேயில்லை. பென்சில்வேனியாக்காரர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த இரண்டாவது கேள்விக்கு வருஷந்தோறும் பதில் சொல்லி வருகிறார்கள். அந்தப் பதிலில் நமக்குப் பயன்படக்கூடியது ஏராளமாக இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சட்டம் எளிதில் பிறந்துவிடவில்லை. 1980-களில் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பிய பெற்றோர், தாங்கள் தகுதியுள்ள தனி ஆசிரியர்கள் என்பதை அந்தந்த வட்டார அதிகாரிக்குத் திருப்தியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. தகுதி என்பது இன்னதென்று சட்டத்தில் வரையறை இல்லாமையால், ஒரு வட்டாரத்தில் சுமுகமாக அனுமதிக்கப்பட்டது அடுத்த வட்டாரத்தில் குற்றமாகி, வழக்கில் போய் முடிந்தது. 1988-இல் ஒரு பெடரல் நீதிமன்றம் அந்த ஏற்பாடு பொருள் தெளிவற்றது, செல்லாது என்று தீர்ப்பளிக்கவே, அதே ஆண்டு டிசம்பரில் கவர்னர் ராபர்ட் கேஸி புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். பெற்றோர் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் தேதிக்குள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, பாடவாரியாகத் தங்கள் நோக்கங்களையும் அதனோடு இணைக்க வேண்டும்; ஆண்டில் 180 நாட்கள், அல்லது ஹைஸ்கூல் பருவத்தில் 990 மணி நேரம், பாடம் நடத்த வேண்டும்; கற்பிக்கும் பெற்றோர் குறைந்தபட்சம் ஹைஸ்கூல் படிப்பை முடித்தவராயிருக்க வேண்டும். பாடப் பட்டியலும் விரிவானது. ஆங்கில இலக்கியமும் கட்டுரையும் பேச்சும், விஞ்ஞானம், பூகோளம், குடிமையியல், உலக சரித்திரம், அமெரிக்க சரித்திரத்தோடு அந்த மாகாணத்தின் சரித்திரம், இயற்கணிதமும் வடிவியலும் அடங்கிய கணிதம், சித்திரம், சங்கீதம், தேகப் பயிற்சி, ஆரோக்கியம் ஆகிய இவற்றோடு, தீ விபத்தின் அபாயங்களையும் அதைத் தடுக்கும் வழிகளையும் இடைவிடாது கற்பிக்க வேண்டும் என்ற தனி விதியும் உண்டு.

ஆனால் இந்தச் சட்டத்தின் ஜீவன் பாடப் பட்டியலில் இல்லை. பிள்ளை படித்த புத்தகங்களின் பெயர்கள் தாங்கிய தினப்பதிவு ஒன்றையும், அது எழுதிய கட்டுரைகள், போட்ட கணக்குகள், வரைந்த படங்கள் முதலியவற்றின் மாதிரிகளையும் ஒரு கோப்பில் தொகுத்து வைக்க வேண்டும் என்றும், அந்தத் தினப்பதிவு பாடம் நடந்த அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டதாயிருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கடைசி நிபந்தனையை இயற்றியவர் யாராயினும் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர். ஆண்டின் முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதப்படும் வரலாற்றில், எந்தத் தாயும் தகப்பனும், பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அணுவளவும் இல்லாமலே, தம் பிள்ளை படிக்காத நாட்களை மறந்துவிட்டுப் படித்த நாட்களை மட்டுமே நினைவுகூர்வர். அன்றன்று எழுதிய குறிப்புக்கு அந்தப் பாசம் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஹாரிஸ்பர்க் நகருக்கு அருகில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் விருந்தினனாகத் தங்கியிருந்த சமயம், பத்தாம் வகுப்புப் பாடங்களை வீட்டிலேயே முடித்திருந்த அந்த வீட்டுப் பெண்ணின் வருஷாந்தர மதிப்பீட்டை, அவர்கள் அனுமதியோடு, ஓரமாக அமர்ந்து காணும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மதிப்பிட வந்தவர் அரசாங்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. சாப்பாட்டு மேசையின்மேல் வைக்கப்பட்டிருந்த கனத்த கோப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டவர், முதலில் தினப்பதிவை எடுக்காமல், வடிவியல் பகுதியைத் திறந்து செப்டம்பர் மாதத்து ஏடு ஒன்றையும் ஏப்ரல் மாதத்து ஏடு ஒன்றையும் உருவி அருகருகே வைத்தார். செப்டம்பர் ஏட்டில், இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது குத்தெதிர்க் கோணங்கள் சமமாயிருப்பதற்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில், "படத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஏப்ரல் ஏட்டிலோ, அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை நிறுவுவதற்காக, வட்டத்தின் மையத்திலிருந்து அந்த முனைக்கு ஓர் ஆரத்தை வரைந்து, அதனால் உண்டான இரண்டு இருசமபக்க முக்கோணங்களின் அடிக்கோணங்களைப் பெயரிட்டு, ஒவ்வொரு படிக்கும் எதிரே அதன் காரணத்தை எழுதி, முடிவுக்கு வந்திருந்தாள். "இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவே உனக்கு என்ன நேர்ந்தது?" என்று ஆசிரியை கேட்டார். பெண் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பார்த்தால் தெரிகிற பல விஷயங்கள் தவறாக இருந்தன" என்றாள். இந்த ஒரு பதிலுக்கு எந்த மார்க்கு போடுவது? அவர் போடவில்லை, தம் குறிப்பில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போனார்.

சரித்திரப் பகுதியில் அவர் அதிக நேரம் தங்கினார். ஜான்ஸ்டவுன் வெள்ளத்தைப் பற்றி அந்தப் பெண் நீண்டதோர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தாள். 1889-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி, அதே மாகாணத்தின் மேற்குப் பகுதியில், நகருக்குப் பதினான்கு மைல் மேலே இருந்த சௌத் ஃபோர்க் அணை உடைந்து, 2,209 உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பெருந்துயரத்துக்கு, முதல் கையெழுத்துப் படியில் பெருமழை ஒன்றையே காரணமாகக் காட்டியிருந்தாள். இரண்டாம் படியில், அணையின் அடியில் நீரை வெளியேற்றுவதற்கென இருந்த குழாய்கள் முன்பே பெயர்த்து விற்கப்பட்டுவிட்டன என்பதும், பின்னர் அந்த ஏரியைத் தங்கள் மீன்பிடி விளையாட்டுக்காக வாங்கிய பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் சங்கம் அணையின் உயரத்தைக் குறைத்து, மீன்கள் தப்பிப் போகாதபடி வடிகால் வாயில் வலைத்தடுப்பு போட்டிருந்தது என்பதும் வந்து சேர்ந்திருந்தன. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃப்ரிக்கும் அங்கத்தினராயிருந்த அந்தச் சங்கத்தை எந்த நீதிமன்றமும் பொறுப்பாளியாக்கவில்லை என்ற செய்தியோடு கட்டுரை முடிந்திருந்தது. மதிப்பீட்டாளர், இந்தச் செய்திகளை எங்கே படித்தாய், அங்கே எழுதியிருந்ததை எதனால் நம்பினாய், நம்பாமல் விட்டது ஏதேனும் உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போக, அந்தப் பெண், சில இடங்களில் தடுமாறியும் சில இடங்களில் ஆவேசத்தோடும், பதில் சொல்லிக்கொண்டே போனாள். கட்டுரை அவளுடைய சொந்தப் பிரயாசையா, வேறெங்கிருந்தோ எடுத்தெழுதியதா என்ற சந்தேகத்துக்கே அந்த உரையாடலின் முடிவில் இடம் இருக்கவில்லை. கட்டுரையைக் கணினியே எழுதிக் கொடுத்துவிடும் இந்நாளில், பிள்ளையை நேரில் உட்காரவைத்துப் பேசும் இந்தப் பழைய முறையின் அருமை முன்னைவிடப் பன்மடங்கு கூடியிருக்கிறது.

ரசாயனக் குறிப்பேட்டிலும் ஒரு பக்கம் என் நினைவில் நிற்கிறது. கடையில் வாங்கிய வினிகரில் எத்தனை பங்கு அசிட்டிக் அமிலம் இருக்கிறது என்று காண, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பினாப்தலீன் நிறம் மாறும் தருணத்தைப் பிடிக்கும் சோதனை அது. வெளிர் இளஞ்சிவப்பு தோன்றியவுடன் நிறுத்த வேண்டியதை முதல் முறை நிறுத்தத் தவறி, கரைசல் அடர்ந்த சிவப்பாகிவிட்டது. அந்த அளவை அவள் அழித்துவிடாமல், ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் "அதிகமாகப் போய்விட்டது" என்று எழுதி, அடுத்த முறை கிடைத்த அளவைக் கீழே குறித்து, புட்டியில் அச்சிட்டிருந்த ஐந்து சதவிகிதத்துக்கு அருகில் வந்திருந்தாள். பிழையைப் பிறர் வாசிக்கும்படி விட்டுவைத்த அந்தக் கோட்டை ஆசிரியை விரலால் தொட்டுக் காட்டிப் பாராட்டினார்.

எல்லாம் நன்றாகவே நடந்துவிட்டது என்று எழுதினால் அது நேர்மையாகாது. இறுதியில் தினப்பதிவைக் கையிலெடுத்த மதிப்பீட்டாளர், அரிசியில் கல் பொறுக்குகிறவர்போல நிதானமாக நாள்வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்து, பிப்ரவரி மாதத்தில் நின்றார். அம்மாதத்துப் பக்கங்கள் மெலிந்திருந்தன. இலக்கியக் கட்டுரைகள் ஜனவரியோடு ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. தாயார் காரணம் சொல்ல வாயெடுத்தபோது, அவர் கையமர்த்திவிட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கும்பகோணத்தில் தாத்தாவுக்கு உடல் நலமில்லாமல் எல்லோரும் புறப்பட்டுப் போனதையும், திரும்பி வந்தபின் மற்றப் பாடங்களை எட்டிப் பிடித்தபோதும் கட்டுரை எழுதுவதை மட்டும் தள்ளிப் போட்டதையும், தள்ளிப் போட்டதற்குப் பிரயாணம் காரணமல்ல, கட்டுரை எழுதத் தனக்குப் பிடிக்காததே காரணம் என்பதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆண்டின் பிற்பகுதியில் படித்த நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படியும், அதைப் படித்தபின் கையொப்பமிடுவதாயும், ஜூன் முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டு ஆசிரியை விடைபெற்றார். அந்த வாரமே கட்டுரை போயிற்று, சான்றிதழும் வந்தது.

மதிப்பீடு நடந்த அன்றிரவு அந்தப் பெண்ணின் தாயார் என்னிடம் சொன்னதை இங்கே பதிவு செய்வது பொருந்தும். "அண்ணா, இவள் எவ்வளவு படித்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெற்றவளின் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே நம்பிவிடலாமா என்றுதான் எனக்கு ஒவ்வொரு வருஷமும் பயம். அந்தம்மா வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்றார். வருஷாந்தர மதிப்பீட்டைச் சர்க்காரின் தலையீடு என்று சினந்து பேசுகிறவர்களும் அந்நாட்டில் அநேகர் உண்டு. அவர்களோடு வாதாட இதைவிடச் சிறந்த வாதம் எனக்கு அகப்படவில்லை.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்று ஒன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில்தான் கட்டாயம். ஹைஸ்கூல் பருவத்தில் அது கிடையாது. ஆகையால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, கல்லூரிக்கும் தொழிலுக்கும் வாயிலாகிய அந்த நான்கு ஆண்டுகளில், கோப்பும் உரையாடலுமே முழுச் சுமையையும் தாங்குகின்றன. நான்கு ஆண்டு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூக அறிவியல் ஒவ்வொன்றும் மூன்று ஆண்டு, கலைகளும் மானுடப் பண்பியல் பாடங்களும் இரண்டு ஆண்டு என்று ஹைஸ்கூல் பட்டயத்துக்குரிய குறைந்தபட்சத்தைச் சட்டம் நிர்ணயிக்கிறது. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பாடங்கள், கிரெடிட்டுகள், கிரேடுகள் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டைத் தயாரிப்பவரும் பெற்றோரே. ஒரு பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 120 மணி நேரப் படிப்பு என்ற பழைய கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. மணிக் கணக்கை எழுதிவிடலாம், ஆனால் தாய் தன் பிள்ளைக்கு இடும் "ஏ" கிரேடைக் கல்லூரி எதனால் நம்ப வேண்டும்? அதனால்தான் விவேகமுள்ள குடும்பங்கள் கல்லூரித் தரத்தில் மே மாதம் நடக்கும் ஏ.பி. பரீட்சைகளையும், கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வையும், உள்ளூர்க் கம்யூனிட்டி கல்லூரியில் ஒன்றிரண்டு வகுப்புகளையும் தேடிச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக் கிரேடுக்கு வெளியார் சாட்சியம் தேடுகின்றன.

எல்லா மாகாணங்களும் இப்படி இல்லை. டெக்ஸாஸில் அந்த மாகாணத்தின் சுப்ரீம் கோர்ட்டு 1994-இல் அளித்த தீர்ப்புக்குப் பின், வீட்டுப் பள்ளி தனியார் பள்ளிக்குச் சமமாகக் கருதப்பட்டு, அறிவிப்போ ஆண்டு முடிவில் மதிப்பீடோ தேவைப்படுவதில்லை. நியூ ஜெர்ஸியிலும் ஏறக்குறைய அப்படியே. நியூயார்க்கிலோ மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை அனுப்பியாக வேண்டும். குடும்பத்தின் சுதந்திரம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. 1977-இல் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் ஹோல்ட், பள்ளியில்லாமல் வளரும் பிள்ளைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, குழந்தை தன் ஆர்வத்தால் கற்கிறது என்று எடுத்துரைத்தபோது, பள்ளிகளால் மனம் நொந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது விமோசனமாயிற்று என்பதும் உண்மை. ஆயினும் எதுவுமே கேட்காத மாகாணத்தில், சிரத்தையோடு கற்பிக்கும் வீட்டுக்கும், பிள்ளையைப் படிப்பில்லாமலே வைத்திருக்கும் வீட்டுக்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அந்தக் குருட்டுத்தனத்தால் நஷ்டமடைவது பிள்ளை ஒன்றுதான்.

பென்சில்வேனியாவின் ஏற்பாட்டிலும் குறை உண்டு. 2014 வரை கோப்பு முழுவதுமே சூப்பரின்டெண்டிடம் போக வேண்டியிருந்தது. மதிப்பீட்டாளர் ஒருமுறை பார்த்ததை அதிகாரி மறுமுறை பார்ப்பது வீண் என்று அவ்வாண்டு சட்டத்தைத் திருத்தி, சான்றிதழ் மட்டும் போதும் என்றாக்கினர். மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பவரும் கட்டணம் கொடுப்பவரும் பெற்றோராகவே இருக்கும்போது, முழுப் பொறுப்பும் அந்த ஒருவரின் மனச்சாட்சியில் வந்து தங்கிவிடுகிறது. நான் கண்ட ஆசிரியையைப் போல, கையொப்பத்தை ஒரு வாரம் நிறுத்திவைக்கும் உறுதி எல்லோருக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தும், பிள்ளையை நேர்காணாமல் சான்றிதழ் தர முடியாது என்ற விதி நிற்கும்வரை, இந்த ஏற்பாட்டின் அடித்தளம் பழுதுபடவில்லை என்றே கருதுகிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. அதற்கு மேல், வீட்டில் கற்கும் பிள்ளைகளில் பலர் 1989-இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதுகிறார்கள். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் முப்பத்துமூன்று மதிப்பெண் தேர்ச்சி, ஆண்டில் இருமுறை பொதுத் தேர்வு, ஒப்படைகளுக்கென்று இருபது சதவிகிதம் என்ற அந்த ஏற்பாடு பல்லாயிரம் பிள்ளைகளுக்கு உபகாரமாயிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இறுதிப் பரீட்சையையே பார்க்கிறது. சென்னையிலோ கோவையிலோ பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் கழித்த ஓராண்டில், செப்டம்பரில் எங்கே நின்றது, ஏப்ரலில் எங்கே வந்து சேர்ந்தது என்று கேட்க இங்கே ஒருவருமில்லை. பரீட்சையில் தேறிவிட்டால் அந்த ஆண்டு நன்றாகக் கழிந்தது என்றும், தவறிவிட்டால் வீணாயிற்று என்றும் கருதிவிடுகிறோம். வடிவியலில் காரணம் தேடக் கற்றுக்கொண்ட பிள்ளையின் வளர்ச்சியும், கட்டுரையைத் தள்ளிப்போட்ட பிள்ளையின் தேக்கமும் அந்த மதிப்பெண்ணில் ஒருபோதும் பதிவாவதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இந்த ஜூன் மாதத்திலேயே தேதியிட்ட நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்கி, அன்றன்றைய பாடத்தை அன்றன்றே எழுதி வையுங்கள், பிள்ளையின் முதல் மாதத்து ஏடுகளை, எவ்வளவு பிழை மலிந்தவையாயினும், எறிந்துவிடாதீர்கள், ஆண்டு முடிவில் உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, உறவினராயில்லாத ஒருவராகப் பார்த்து, வீட்டுக்கு அழைத்து, அந்த ஏடுகளை அவர் முன் வைத்து, ஒரு மணி நேரம் பிள்ளையோடு அவரைப் பேசவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.